நிகழாதவற்றிற்கும் ஓர் இறந்தகாலம்

இலக்கணம் என்னும் சொல்லைக் கண்டதும் அடுத்த பக்கத்திற்குச் செல்ல எண்ணும் அன்பர்களைச் சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். ஒரு வினைச்சொல்லோடு சேர்ந்து நிற்கும் சிறியதோர் அசை, ஒரு மனிதரின் நற்பெயரைக் காக்கவும் வல்லது, கெடுக்கவும் வல்லது. இதனை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. என் நாவினால் ஒருவருக்குத் தீங்கு விளைத்த பின்னரே அறிந்தேன். அந்தப் பாடத்தை எனக்குப் புகட்டியது பிரெஞ்சு மொழியின் வினைவடிவம் ஒன்று. அதன் பெயர் "கொந்திசியொனெல் பாஸே". தமிழில் "நிபந்தனை இறந்தகாலம்" எனலாம். நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடவாதது. நடந்ததாகச் சொல்லப்படுவது, ஆனால் உறுதிப்படாதது. இவ்விரண்டிற்கும் பிரெஞ்சு மொழி வகுத்து வைத்திருக்கும் இடம் அது.

2008-ஆம் ஆண்டு, ஆயர் அவர்களின் பணிப்பின்பேரில், பிரான்சு நாட்டு மறைமாவட்டம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றச் சென்றேன். குருக்கள் குறைந்துபோன அந்நாட்டுச் சிற்றூர்ப் பங்குகளில் நம்மவர் பலர் இன்றும் பணியாற்றி வருவதை வாசகர்கள் அறிவார்கள். ஒரு காலத்தில் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் அங்கிருந்து கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்து, நம் மொழியைக் கற்க இரவு பகலாகப் பாடுபட்டனர். அவர்களுள் மூசே, துப்புயி என்னும் இருவர் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதியைக் குருமட நூலகத்தில் நான் புரட்டியதுண்டு. அவர்கள் நம் மொழியோடு பட்ட பாட்டை, அவர்கள் மொழியோடு நாமும் படவேண்டிய முறை வந்தது என எண்ணிக்கொண்டேன். அகராதி சொல்லைத் தரும். அச்சொல்லை எந்தக் காலத்தில் நிறுத்திச் சொல்லவேண்டும் என்பதைத் தராது.

ஆசிரியை அம்மையாரின் சமையலறை மேசை

எங்கள் பங்கு இல்லத்திற்கு இரண்டு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற பள்ளியாசிரியை ஒருவர் வாழ்ந்து வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். செவ்வாய்தோறும் மாலையில் தம் சமையலறை மேசையில் என்னை அமர்த்திப் பாடம் நடத்துவார். நான் அவரை "மதாம்" என்பேன். அவர் என்னை "மோன் பேர்", அதாவது "என் தந்தையே" என்பார். அழைப்பில் மரியாதை இருந்தாலும், பயிற்சி ஏட்டில் சிவப்பு மை பாயும்போது தந்தை என்றும் பாராமல் திருத்துவார்.

குருமடத்தில் நான் இலத்தீன் பயின்றிருந்தேன். ஆகவே, இவ்வினைவடிவத்தின் பிறப்பை அவர் விளக்கியபோது எனக்கு உவகை உண்டாயிற்று. பேச்சு இலத்தீனில், முழுவினைப் பெயரோடு "உடைத்தாயிரு" என்னும் பொருளுடைய "ஹபேரே" என்ற வினையின் நிகழ்கால வடிவத்தைச் சேர்த்தார்கள். அது நாளடைவில் தேய்ந்து பிரெஞ்சின் எதிர்காலம் ஆயிற்று. அதே வினையின் இறந்தகாலத் தொடர்வினை வடிவத்தைச் சேர்த்தார்கள். அது தேய்ந்து நிபந்தனை வினை ஆயிற்று. "பேசவேண்டியவனாய் இருந்தேன்" என்பதே அதன் பழம்பொருள். ஆகவே இது கடந்த காலத்தில் நின்று எதிர்காலத்தை நோக்கும் பார்வை. பிரான்சின் பழைய இலக்கண நூல்கள் இதனைத் தனியொரு வினைப்பாங்காகக் கொண்டன. இக்கால இலக்கணத்தார் பலர் இதனையும் காலங்களுள் ஒன்றாகவே எண்ணுகின்றனர்.

இதன் இறந்தகால வடிவத்தை அமைப்பது அத்துணைக் கடினமன்று. ஒரு துணைவினையை நிபந்தனை வடிவில் வைத்து, அதனைத் தொடர்ந்து முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தை வைத்தால் போதும். துணைவினைகள் இரண்டே: "உடைத்தாயிரு" என்னும் பொருள் தரும் "அவ்வார்", "இரு" என்னும் பொருள் தரும் "ஏத்ர்". அவ்வார் நிபந்தனை வடிவில் "ஒரே" என்று ஒலிக்கும். ஏத்ர் "ஸெரே" என்று ஒலிக்கும். பிரெஞ்சு ஒலிகள் நம் எழுத்தில் முற்றும் அடங்கா, ஏறத்தாழ எழுதுகிறேன். "நான் பேசியிருப்பேன்" என்பது "ஜொரே பர்லே". "நான் வந்திருப்பேன்" என்பது "ஜெ ஸெரே வெனு". நான், நீ, அவன், அவர்கள் என்னும் நான்கிடத்தும் எழுத்து வேறுபட்டாலும் காதுக்கு ஒரே "ஒரே" தான். "நாம்" என்றால் "ஒரியோன்" ஆகும். "நீங்கள்" என்றால் "ஒரியே" ஆகும். பழைய நூல்களில் இதற்கு இரண்டாம் வடிவம் ஒன்றும் உண்டு. அது ஏட்டிலன்றிப் பேச்சில் வழங்குவதில்லை.

எந்த வினைக்கு எந்தத் துணைவினை? பெரும்பாலான வினைகளுக்கு அவ்வார் வரும். வருதல், போதல், நுழைதல், புறப்படுதல், தங்குதல், விழுதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில வினைகளுக்கும், தன்னைத்தானே செய்துகொள்ளும் வினைகளுக்கும் ஏத்ர் வரும். ஏத்ர் வரும் பொதுவான இடங்களில் எச்சம் எழுவாயோடு ஒத்துப்போகும். பெண்பாலுக்கு ஓர் எழுத்துக் கூடும், பன்மைக்கு ஓர் எழுத்துக் கூடும். வரவும் போக்கும், பிறப்பும் இறப்பும் "இரு" என்னும் வினையைச் சார்ந்து நிற்கின்றன என்று அம்மையார் சொன்னபோது, இலக்கணமும் சில வேளைகளில் தியானப் பொருளாகும் என்று எண்ணினேன்.

தமிழனுக்கு இங்கேதான் இடறல். நம் மொழியில் எல்லா வினைகளுக்கும் "இரு" ஒன்றே துணை: வந்திருப்பேன், பேசியிருப்பேன், உண்டிருப்பேன். அப்பழக்கத்தால் ஒரு நாள் நான் நகைப்பிற்கு ஆளானேன். குடும்பம் ஒன்று இரவு உணவிற்கு அழைத்திருந்தது. பெரியதொரு இனிப்புப் பலகாரத்தை இறுதியில் கொண்டுவந்தார்கள். வயிறோ நிறைந்துவிட்டது. "இது வருமென்று தெரிந்திருந்தால் முன்னதைக் குறைவாக உண்டிருப்பேன்" என்று சொல்ல எண்ணி, "உண்டிருப்பேன்" என்பதற்கு "ஜெ ஸெரே மான்ஜே" என்றேன். வீட்டுச் சிறுவன் கண்களை அகல விரித்து, "உங்களை யார் தின்னப்போகிறார்கள், மோன் பேர்?" என்று கேட்டான். நான் சொன்னதன் பொருள் "நான் உண்ணப்படுவேன்" என்பதாம்! "ஜொரே மான்ஜே" என்றிருக்க வேண்டும். அன்றுமுதல் அந்த வினை எனக்கு மறந்ததேயில்லை.

நான்கு பயன்கள்

இவ்வடிவத்தின் முதற்பயன், நிறைவேறாத நிபந்தனையின் விளைவைச் சொல்வது. "நீ வந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன்." இங்கே வந்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை. "ஆல்" என்று நாம் சொல்லும் இடத்தில் பிரெஞ்சில் "ஸி" வரும். "ஸி"யை அடுத்து இறந்தகாலத்திற்கும் முந்திய இறந்தகாலம் வரவேண்டும். நிபந்தனை வடிவம் வரலாகாது. "ஸி இருக்கும் இடம் ரேயை விரும்பாது" என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இலத்தீனில் இரண்டு பகுதிக்கும் ஒரே வினைவடிவம். பிரெஞ்சு அதனை இரண்டாகப் பிரித்து, நிபந்தனைக்கு ஒன்றும் விளைவிற்கு ஒன்றும் வைத்தது. "ஸி"க்களை அடுக்கினால் பாரிஸ் நகரையே ஒரு குப்பிக்குள் அடைத்துவிடலாம் என்பது அவர்கள் பழமொழி. அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிறோமே நாம், அதற்கு உறவுமுறை அது.

இரண்டாம் பயன், வருத்தமும் குறைகூறலும். "ஜொரே து" என்றால் "நான் செய்திருக்க வேண்டும்". "ஒரியே பு" என்றால் "நீங்கள் செய்திருக்கலாமே". முன்னது தன் நெஞ்சைக் குத்துவது. பின்னது பிறர் நெஞ்சைத் தொடுவது.

மூன்றாம் பயன், பணிவு. இதனை அறியாமல் ஒரு நாள் பிழை செய்தேன். மழைநாள் ஒன்றில் முதிய விவசாயி ஒருவர் பங்கு இல்லக் கதவைத் தட்டி, தொப்பியைக் கையில் பிடித்தபடி, "ஜொரே வூலு உங்களிடம் பேச" என்னும் பாங்கில் ஏதோ சொன்னார். "பேச விரும்பியிருப்பேன்" என்று எனக்குள் மொழிபெயர்த்தேன். விரும்பியிருப்பார், இப்போது விரும்பவில்லை போலும் என்று கருதி, புன்னகையோடு "நல்லது, பிறகு பார்ப்போம்" என்று விடைகொடுத்துவிட்டேன். அவர் மறைந்த தம் மனைவிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்க வந்தவர் என்பது மறுவாரந்தான் தெரிந்தது. நிகழ்கால விருப்பத்தை இறந்தகாலத்தில் ஒதுக்கி வைத்துச் சொல்வது, கேட்பவருக்கு மறுக்க இடங்கொடுக்கும் மரியாதை. நம் ஊரிலும் "ஒரு விஷயம் கேட்கலாம் என்று வந்தேன்" என்போம் அல்லவா? கேட்க வந்தவர் இன்னும் கேட்கத்தானே நிற்கிறார்!

நான்காம் பயன் செய்தித்தாளுக்கு உரியது. அதுவே என்னை வீழ்த்தியது.

ஓர் அசையால் வந்த தீங்கு

பிரான்சில் 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சங்கங்கள் ஊர்தோறும் உண்டு. இசைக்கும், முதியோர் உதவிக்கும், பந்தாட்டத்திற்கும், தோட்டக்கலைக்கும் தனித்தனிச் சங்கங்கள். எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றின் பொருளாளராய் இருந்தவர் எங்கள் கோவிலுக்கும் உற்ற துணைவர். ஞாயிறுதோறும் மூன்றாம் இருக்கை வரிசையின் ஓரத்தில் அமர்வார். எனக்கு வண்டியோட்டும் உரிமம் கிடைக்கும்வரை, தொலைவிலிருந்த சிற்றாலயங்களுக்கெல்லாம் தம் காரிலேயே என்னை அழைத்துச் சென்றவர்.

2010-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு காலை, உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் நாலைந்து வரிச் செய்தி கண்டேன். பெயர் இல்லை, பதவியும் ஊரும் இருந்தன. சங்கத்தின் பணத்தை அவர் "ஒரே தெத்தூர்னே" என்று எழுதியிருந்தது. "தெத்தூர்னே" என்றால் திசைதிருப்பிய, அதாவது கையாடிய. "ஒரே" வந்தால் "இருப்பார்" என்று படித்த பாடம் உடனே கைகொடுத்தது: "கையாடியிருப்பார்."

வாசக நேயர்களே, என் பிழை எங்கே விளைந்தது என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். தமிழில் "கையாடியிருப்பார்" என்ற சொல்லுக்கு முன் "ஆல்" என்னும் நிபந்தனை நின்றால், அவர் கையாடவில்லை என்று பொருள். நிபந்தனை இல்லாமல் தனியே நின்றால், பெரும்பாலும் கையாடிவிட்டார் என்று பொருள். "மணி எட்டாயிற்று, பேருந்து போயிருக்கும்" என்கிறோமே, அந்த ஊகம். பிரெஞ்சில் அத்தகைய ஊகத்திற்கு வேறு வடிவங்கள் உள்ளன. செய்தித்தாளில் தனியே நிற்கும் நிபந்தனை இறந்தகாலம் ஊகமன்று. வதந்தியினின்று எழுதுபவன் தன்னை விலக்கிக்கொள்ளும் வேலி. "இப்படி ஒரு பேச்சு உண்டு, நான் உறுதி கூறவில்லை" என்பதே அதன் பொருள். அதற்கு நேரான தமிழ் "கையாடியிருப்பார்" அன்று, "கையாடினாராம்" என்பதே. நம் முன்னோர் நமக்கு அருளிய அந்த "ஆம்" என்னும் ஓரசையைத்தான் பிரெஞ்சு நாளேடு ஒரு துணைவினைக்குள் பொதிந்து வைத்திருந்தது. நான் அதனை உணரவில்லை.

மறுஞாயிறு, திருப்பலிக்குப் பின் மக்கள் காப்பி அருந்தும் கூடத்தில் அப்பேச்சு எழுந்தது. "நீங்கள் அவரை நன்கு அறிந்தவராயிற்றே, உண்மையா?" என்று ஒருவர் கேட்டார். நான் வருத்தத்தோடு தலையசைத்து, "இல் ஆ தெத்தூர்னே" என்றேன். "ஒரே" போய் "ஆ" வந்தது. "கையாடினாராம்" போய் "கையாடினார்" வந்தது. தீய எண்ணம் சிறிதும் இல்லை. கடினமான வடிவத்தை விட்டு எளிய வடிவத்தைப் பற்றினேன், அவ்வளவே. ஆனால் கேட்டவர்கள் வேறுவிதமாக எண்ணினார்கள். பங்குத் தந்தை உறுதியாகச் சொல்கிறார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அடுத்த வாரம் மூன்றாம் வரிசையின் ஓரம் காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. வாசகம் வாசிப்போர் பட்டியலில் அவர் பெயரை யாரோ நீக்கிவிட்டிருந்தார்கள். அடுமனை வாசலில் அவர் வரிசையில் நிற்கும்போது பேச்சு நின்றுவிடும் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் அவர் குற்ற உணர்வினால் ஒதுங்கியிருக்கிறார் என்றே எண்ணி, அவருக்காகச் செபித்தேன். பொய்யைப் பரப்பிய நான், பொய்க்கு இரையானவருக்காகச் செபித்தது எத்தகைய பேதைமை!

ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழிந்தன. கணக்குகளைத் தணிக்கை செய்தபோது, காணாமற்போன தொகை அச்சங்கத்தின் மற்றொரு கணக்கிலேயே தவறாகப் பதிவாகியிருந்தது தெரியவந்தது. ஒரு காசும் வெளியே போகவில்லை. செய்தித்தாள் மீண்டும் நாலைந்து வரி எழுதியது. இம்முறை நிபந்தனை வடிவம் இல்லை. நேரான வினைகளே இருந்தன.

அச்செவ்வாய் மாலை, ஆசிரியை அம்மையார் பாட ஏட்டைத் திறக்கவில்லை. பழைய செய்தித்தாள் துண்டை மேசைமேல் வைத்து, "ஒரே" என்ற சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடிட்டார். "செய்தித்தாள் இப்படி எழுதியது, மோன் பேர். நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குச் சொன்னார்கள்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முகம் சுருங்கிற்று. ஆறு மாதமாய்ப் புரியாதிருந்த இலக்கணம் ஒரு நொடியில் புரிந்தது.

செய்தித்தாளை மட்டும் நான் முழுதும் குற்றமற்றது என்று சொல்லவரவில்லை. பத்திரிகைச் சுதந்திரம் பற்றி அந்நாட்டில் 1881-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டத்தின் 29-ஆம் பிரிவு, அவதூறு ஐயவடிவில் சொல்லப்பட்டாலும் அவதூறே என்கிறது. "ஆம்" சேர்த்துவிட்டால் எதையும் சொல்லலாம் என்பதற்கு அங்கே சட்டம் இடந்தரவில்லை. குற்றவாளி என்று தீர்க்கப்படும்வரை ஒவ்வொருவரும் குற்றமற்றவராகவே கருதப்படுவர் என்று 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 9-ஆம் பிரிவில் அறிவித்த நாடு அது. வேலி ஓரளவு காக்கும். ஆனால் வேலிக்கு வெளியே நஞ்சை எறிவதற்கு அது அனுமதிச் சீட்டன்று. எனினும் செய்தித்தாள் வேலியாவது இட்டது. நான் அதனையும் பிடுங்கியெறிந்தேன்.

அவர் சொன்ன ஒரு வாக்கியம்

மறுநாள் அவர் வீட்டிற்குச் சென்றேன். தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. நான் தயார்செய்து கொண்டுபோயிருந்த நீண்ட வாக்கியங்களெல்லாம் நாவில் ஒட்டிக்கொண்டன. அவரே பேசினார். "வூ ஸொரியே பு மெ தெமாந்தே." என்னிடம் நீங்கள் கேட்டிருக்கலாமே.

அதே வினைவடிவம்! ஏட்டில் பத்துமுறை எழுதிப் பழகிய வாக்கியம், என் நெஞ்சைக் குறிபார்த்து வந்தது. கேட்டிருக்கலாம். அவர் காரில் எத்தனை மாதம் அருகில் அமர்ந்து சென்றேன்! வீடு அரைக் கிலோமீட்டர் தொலைவில். ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்டிருந்தால், அவர் சொல்லியிருப்பார், நான் நம்பியிருப்பேன், அந்தக் கூடத்தில் வேறுவிதமாய்ப் பேசியிருப்பேன். எல்லாம் "இருப்பேன்". ஒன்றும் நடக்கவில்லை.

"ஜொரே து" என்றேன். கேட்டிருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் அச்சொல் போதாது என்று எனக்கே தோன்றிற்று. "செய்திருக்க வேண்டும்", "சொல்லியிருக்கக் கூடாது" என்னும் சொற்களில் வருத்தம் உண்டு. ஆனால் செய்தவன் சற்று மறைந்துகொள்ளவும் அவற்றில் இடம் உண்டு. கற்பனையில் நல்லவனாய் நடந்துகொண்ட மற்றொரு நானை முன்னே நிறுத்தி, உண்மையில் பிழைசெய்த நான் அவன் முதுகிற்குப் பின்னே ஒளிந்துகொள்ளலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நம் மக்கள் "பாவம் செய்தேன்" என்று தொடங்குகிறார்களேயன்றி, "செய்யாதிருந்திருக்கலாம்" என்று தொடங்குவதில்லை. இத்தனை ஆண்டுகளாய் அதைக் கேட்டு வந்தவன் நான். அதன் இலக்கண நுட்பம் அன்று உருளைக்கிழங்குப் பாத்திக்கு நடுவே நின்றபோதுதான் விளங்கிற்று. ஆகவே மீண்டும், நேரான இறந்தகாலத்தில் சொன்னேன்: "நான் பொய் சொன்னேன். உங்களுக்குத் தீங்கு செய்தேன்."

அவர் உடனே மறுமொழி கூறவில்லை. தோண்டிய கிழங்குகளைக் கூடையில் இட்டு முடித்தபின், "அதை அங்கே சொல்லுங்கள்" என்று கோவில் இருந்த திசையைக் காட்டினார்.

வரும் ஞாயிறு திருப்பலியின் இறுதியில் சொன்னேன். நாலு வாக்கியம். ஆசிரியை அம்மையாரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். ஒரு வினைகூட நிபந்தனை வடிவில் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். சில வாரங்களில் அவர் மூன்றாம் வரிசைக்குத் திரும்பினார். என்னோடு கைகுலுக்கினார். ஆனால் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை மீண்டும் ஏற்கவேயில்லை. வாசகம் வாசிக்கவும் இசையவில்லை. மன்னிப்புக் கிடைத்தது, பழைய நிலை கிடைக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு என்பதையும் அங்கே கற்றேன்.

மார்த்தாவின் இலக்கணம்

அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் அடக்கத் திருப்பலி ஒன்றில், யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தை வாசிக்க நேர்ந்தது. இலாசரின் சகோதரி மார்த்தா, தாமதித்து வந்த ஆண்டவரை எதிர்கொண்டு, அவர் அங்கே இருந்திருந்தால் தன் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்கிறாள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அது பிசகாத நிபந்தனை இறந்தகாலம். "இறத்தல்" ஆகையால் துணைவினை ஏத்ர். உலகெங்கும் இறப்பு நேர்ந்த வீடுகளில் ஒலிக்கும் வாக்கியமும் அதுவே. வேறு மருத்துவரிடம் காட்டியிருந்தால், முன்னதாகவே புறப்பட்டிருந்தால், அன்று ஊரில் இருந்திருந்தால்... சங்கிலித் தொடராய் வரும் "ஸி"க்கள். ஆண்டவர் அவள் வாக்கியத்தை மறுக்கவில்லை. அதே வினைவடிவத்தில் விடையளிக்கவும் இல்லை. அவள் சகோதரன் எழுவான் என்று எதிர்காலத்தில் விடை தந்தார். ஏட்டை மூடிவைத்த பின்னும் அந்த இலக்கண மாற்றம் என் நினைவில் நெடுநேரம் நின்றது. நிபந்தனை இறந்தகாலத்திற்குள்ளேயே நின்றுகொண்டு அதற்கு மருந்து தேட முடியாது. வேறொரு காலத்திற்குள் அடியெடுத்து வைத்தாக வேண்டும்.

நான் தாயகம் திரும்பி ஆண்டுகள் பல ஆயின. பிரெஞ்சுச் சொற்கள் பலவும் மறந்துபோயின. "ஒரே" மட்டும் மறக்கவில்லை. இங்கே பங்கு இல்லத் திண்ணையில் என்னிடம் வந்து, "சாமி, இன்னார் மகள் இப்படிச் செய்துவிட்டாளாம்" என்று யாரேனும் தொடங்கினால், அந்த "ஆம்" என் காதில் மணியடிக்கிறது. மாலைக்குள் அதே செய்தி மூன்று தெருக் கடந்து, "ஆம்" உதிர்ந்து, "செய்துவிட்டாள்" என்று திரும்பி வருவதையும் கண்டிருக்கிறேன். இன்று கைப்பேசி வழியே அச்செய்தி பரவுவதற்கு மாலைவரைகூட வேண்டியதில்லை. பிறர் அனுப்பியதை அப்படியே முன்னனுப்பும் விரலுக்கு "ஆம்" சேர்க்க நேரமேது?

அன்பர்களே, நம் இல்லங்களில் பிள்ளைகள் பிரெஞ்சு கற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கற்றால் நன்று. ஆனால் நம் தமிழின் அந்தச் சிறிய "ஆம்" அசையை அவர்களுக்கு உணர்த்துங்கள். கேட்டதைக் கேட்டதாகவும், கண்டதைக் கண்டதாகவும் சொல்லப் பழக்குங்கள். அதற்கும் முன்னதாக, பேசப்படுகிறவர் அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், ஒருமுறை நடந்துபோய் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். "கேட்டிருக்கலாமே" என்று அவர் பின்னொரு நாள் சொல்ல நேராதபடி, இன்றே கேட்டுவிடுவது நலம்.